எந்தக் காபியை வாங்கினால் மனசு உறுத்தாது?

கேள்வி இதுதான்: கடை அலமாரியில் இரண்டு காபிப் பொட்டலங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றில் பச்சைத் தவளை முத்திரை, ஒரு சான்றிதழ் அமைப்பு கொடுப்பது. இன்னொன்றில் முத்திரை எதுவும் இல்லை. ஆனால் ஒரு மலைப்பகுதியின் பெயர், ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பெயர், ‘விவசாயிகளிடமிருந்து நேரடியாக’ என்ற வரி, கொஞ்சம் கூடுதல் விலை. விளைவித்தவர் வயிற்றில் அடிக்காத காபியைக் குடிக்க நினைக்கிறவர் இரண்டில் எதை எடுப்பது?

பச்சைக்கொட்டை வாங்கி வறுத்து விற்கும் தொழிலில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அவசரத்துக்கு ஒரு பதில் போதுமென்றால், இரண்டில் எதை எடுத்தாலும் பெரிய தப்பில்லை. முத்திரையும் இல்லாமல், விளைந்த இடத்தின் பெயரும் இல்லாமல், ‘உயர்தரம்’ என்று மட்டும் பொன்னிறத்தில் அச்சடித்திருக்கிறதே, அந்த மூன்றாவது பொட்டலத்தைத்தான் விட்டுவிட வேண்டும். பொறுமை இருந்தால் மேலே படியுங்கள். ஏனென்றால் இந்த முத்திரைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அநியாயத்தைப் பார்த்துப் பிறந்தவை. தவளை எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்று தெரியாமல் அதை நம்புவதும் வீண், திட்டுவதும் வீண்.

முதலில் பொருளைப் பார்ப்போம். காபிச் செடியில் காய்ப்பது பழம். சிவந்த சின்னப் பழம், உள்ளே ஒட்டினாற்போல் இரண்டு கொட்டைகள். ஒரே கிளையில் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகக் கலந்து நிற்கும். நல்ல காபி வேண்டுமென்றால் பழுத்ததை மட்டும் ஒவ்வொன்றாகத் திருகி எடுக்க வேண்டும், பத்து நாள் கழித்து அதே செடிக்குத் திரும்பி வர வேண்டும். பிரேசிலின் சமதளப் பண்ணைகளில் இயந்திரம் வந்துவிட்டது. மலைச்சரிவுகளில் இன்னும் கைதான். தோலை உரித்து, கழுவி, காய வைத்து, மேலோட்டை நீக்கினால் ஆறு கிலோ பழத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ பச்சைக்கொட்டை தேறும். வறுக்கும்போது ஈரம் போய் எடை இன்னும் 15 முதல் 20 சதவீதம் குறையும். ஆக, ஒரு கிலோ வறுத்த காபிக்கு ஏழு கிலோ பழம் வேண்டும். ஒரு கோப்பைக்கு 16 கிராம் தூள் போடுகிறீர்கள் என்றால் அது சுமார் 120 கொட்டை, அதாவது 60 பழம். உங்கள் ஒரு கோப்பைக்காக எங்கோ ஒரு சரிவில் ஒருவர் அறுபது தடவை விரலைத் திருகியிருக்கிறார்.

இந்த அறுபது பழத்துக்கு என்ன விலை என்பதைச் செடி வைத்தவர் தீர்மானிப்பதில்லை. காபியில் முக்கியமான வகைகள் இரண்டு: அராபிகாவுக்கு நியூயார்க் சந்தை, ரோபஸ்டாவுக்கு லண்டன் சந்தை. பிரேசிலில் பனி விழுந்தால் விலை ஏறும், மழை நன்றாகப் பெய்தால் இறங்கும். உலகக் காபியில் ஏறக்குறைய பாதியை பிரேசிலும் வியட்நாமும் விளைவிக்கின்றன. அந்த இரண்டு நாடுகளின் வானிலையையும் சரக்குப் பக்கமே போகாத ஊக வணிகர்களின் கணக்கையும் வைத்து எத்தியோப்பிய மலையில் அரை ஏக்கர் வைத்திருப்பவரின் வருமானம் முடிவாகிறது. உலகத்தில் சுமார் 1.25 கோடி காபிப் பண்ணைகள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அவற்றில் மிகப் பெரும்பான்மை ஐந்து ஹெக்டேருக்கும் குறைவானவை. விலை இறங்கினால் தாக்குப்பிடிக்க இவர்களிடம் கையிருப்பு கிடையாது. விளைந்த சரக்கை வைத்திருந்து விற்கவும் வழி கிடையாது, அறுவடைச் செலவுக்கு அதைத்தான் விற்றாக வேண்டும்.

ஒரு காலத்தில் இதற்குக் கடிவாளம் இருந்தது. 1962-ல் ஏற்பட்ட சர்வதேசக் காபி ஒப்பந்தம், எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று ஒதுக்கீடு வைத்து விலையை ஓரளவு தாங்கிப் பிடித்தது. 1989 ஜூலையில் அந்த ஒதுக்கீடு கைவிடப்பட்டது. சில மாதங்களில் விலை பாதிக்கு வந்துவிட்டது. 2001-ல் ஒரு பவுண்டு (சுமார் 450 கிராம்) அராபிகா 50 அமெரிக்க சென்ட்டுக்கும் கீழே போனது. மத்திய அமெரிக்காவில் பழத்தைப் பறிக்கும் கூலிகூடக் கட்டுப்படியாகாமல் செடியிலேயே அழுக விட்டார்கள்.

ஒதுக்கீடு முறிவதற்குச் சற்று முன்னால், 1988 நவம்பரில், நெதர்லாந்தில் மாக்ஸ் ஹாவெலார் என்ற முத்திரை வந்தது. மெக்சிகோவின் வாகாகா மலைப்பகுதியில் சிறு விவசாயிகள் அமைத்திருந்த ஒரு சங்கத்தின் காபியை, இடைத்தரகரைத் தாண்டி, சாதாரணக் கடைகளுக்குள் கொண்டுபோவதற்காக ஆரம்பித்தது. இன்று ஃபேர்ட்ரேட் என்று நாம் பார்க்கும் நீலமும் பச்சையுமான முத்திரையின் தாத்தா அதுதான். அது பார்த்த அநியாயம் ஒன்றே ஒன்று: சந்தை விழும்போது சிறு விவசாயியும் சேர்ந்து விழுவது. அதற்கு அது வைத்த மருந்தும் நேரடியானது. குறைந்தபட்ச விலை என்று ஒன்று. சந்தை எவ்வளவு இறங்கினாலும் அதற்குக் கீழே வாங்கக் கூடாது. கழுவிப் பதப்படுத்திய அராபிகாவுக்கு 2011 முதல் பவுண்டுக்கு 1.40 டாலராக இருந்தது, 2023 ஆகஸ்டில் 1.80 டாலர் ஆனது. இயற்கை வேளாண் காபி என்றால் மேலே 40 சென்ட். இது போக, சங்கத்தின் பொதுக் கணக்குக்குப் பவுண்டுக்கு 20 சென்ட். அதை என்ன செய்வது என்று உறுப்பினர்கள் கூடி முடிவெடுக்க வேண்டும்.

20 சென்ட் என்றதும் பெரிதாகத் தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ வறுத்த காபிக்கு 1.2 கிலோ பச்சைக்கொட்டை, அதாவது சுமார் 2.6 பவுண்டு. 20 சென்ட் வீதம் 52 சென்ட். ஒரு கிலோவில் அறுபது கோப்பைக்கு மேல் வரும். கோப்பைக்கு ஒரு சென்ட்கூட ஆகவில்லை. குறைந்தபட்ச விலை 1.80-ஐயே முழுதாக எடுத்துக்கொண்டாலும் கோப்பைக்கு எட்டு சென்ட்டுக்குள் அடங்கும். ‘நியாய விலைக் காபி எல்லாருக்கும் கட்டுப்படியாகுமா?’ என்று கேட்கிறவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். பொட்டலத்தின் விலை கூடுதலாக இருப்பதற்குப் பெரும்பாலும் வாடகையும் விளம்பரமும் லாபமும் காரணம், விவசாயிக்குப் போகும் கூடுதல் காசு அல்ல.

ஃபேர்ட்ரேடில் யாரும் அதிகம் பேசாத ஒரு நல்ல விதி உண்டு. சங்கம் கேட்டால், வாங்குகிறவர் ஒப்பந்தத் தொகையில் 60 சதவீதம் வரை முன்பணமாகத் தர வழி செய்ய வேண்டும். அறுவடை நேரத்தில்தான் கையில் காசு இருக்காது. பறிப்பவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும், லாரிக்குக் கொடுக்க வேண்டும், கொட்டை விற்றுக் காசு வர மாதங்கள் ஆகும். மத்திய அமெரிக்காவில் ‘கொயோட்டே’ என்று சொல்லப்படும் இடைத்தரகர் வண்டியோடு வந்து நிற்பது அந்த நேரத்தில்தான். ரொக்கம் அவரிடம் இருக்கிறது, விலையும் அவர் சொல்வதுதான். ஏழை விவசாயியைக் கடன்தான் முதலில் பிடிக்கிறது, விலை அப்புறம். எனவே ஒரு வறுவல் நிறுவனம் ‘முன்பணம் கொடுத்து வாங்குகிறோம்’ என்று சொன்னால் நான் நிமிர்ந்து உட்கார்வேன்.

சரி, ஓட்டைகள். முதல் ஓட்டை, சந்தை விலை மேலே இருக்கும்போது குறைந்தபட்ச விலைக்கு வேலையே இல்லை. 2025 பிப்ரவரியில் அராபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. அந்த மாதிரி நேரத்தில் விவசாயிக்குக் கொண்டாட்டம் என்று நினைப்போம், பல சங்கங்களுக்கு அது தலைவலி. மாதங்களுக்கு முன்பே ஒரு விலைக்கு ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். சந்தை ஏறியதும் உறுப்பினர்கள் பழத்தைச் சங்கத்துக்குத் தராமல் ரொக்கம் நீட்டும் தரகருக்குக் கொடுத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. சங்கம் ஒப்பந்தத்தை நிறைவேற்ற, அதிக விலைக்கு வெளியில் வாங்கிக் கடனில் மாட்டும். இரண்டாவது ஓட்டை, சான்றிதழ் இருக்கிறது என்பதற்காக எல்லாச் சரக்கும் அந்த விலைக்குப் போவதில்லை. வாங்க ஆள் இருந்தால்தான் முத்திரை விலை. மீதியைச் சாதாரண விலைக்கே தள்ளிவிட வேண்டும். சான்றிதழுக்கான கட்டணத்தையும் தணிக்கைச் செலவையும் மட்டும் முழுதாகக் கட்ட வேண்டும்.

மூன்றாவது ஓட்டைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. குறைந்தபட்ச விலை யாருக்குப் போகிறது? நிலம் வைத்திருக்கும் உறுப்பினருக்கு. அவரும் சிறியவர்தான், ஆனால் அறுவடைக்கு அவர் ஆள் வைத்துக்கொள்கிறார். அந்த ஆள் நிலமில்லாதவர், வெளியூர்க்காரர், பறித்த எடைக்குக் கூலி வாங்குகிறவர். சங்கத்தின் கூட்டத்தில் அவருக்கு ஓட்டு கிடையாது. லண்டன் பல்கலைக்கழகத்தின் ஸோவாஸ் ஆய்வாளர்கள் எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் கூலித் தொழிலாளர்களை நேரில் விசாரித்து 2014-ல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில்தான் கை வைத்தது: ஃபேர்ட்ரேட் சங்கங்கள் இயங்கும் பகுதிகளில் கூலிக்காரர்களின் சம்பளமும் வேலைச் சூழலும் மற்ற இடங்களைவிட நன்றாக இருக்கவில்லை என்றார்கள். ஃபேர்ட்ரேட் தரப்பு அந்த ஒப்பீட்டு முறையை மறுத்தது. யார் சரி என்ற சண்டையில் நான் இறங்கவில்லை. அந்த அறுபது பழத்தைத் திருகிய கை பல சமயம் பொட்டலத்தின் படத்தில் சிரிக்கிற விவசாயியுடையது அல்ல. இதை மட்டும் மறக்காதீர்கள்.

எடைக்குக் கூலி என்பதில் இன்னொரு சங்கதி ஒளிந்திருக்கிறது. எத்தனை கை சேர்கிறதோ அத்தனை கிலோ. அம்மாவோடு பிள்ளைகளும் கூடையோடு இறங்கிவிடுவார்கள். குழந்தைத் தொழிலால் விளையும் பொருட்கள் என்று அமெரிக்கத் தொழிலாளர் துறை வெளியிடும் பட்டியலில், பதினைந்துக்கும் மேற்பட்ட நாடுகளின் காபி இருக்கிறது. விடுமுறையில் சொந்தத் தோட்டத்தில் அப்பாவோடு நாலு பழம் பறிப்பதையும், பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சாக்கு சுமப்பதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் கூலி போதாத இடத்தில் முதலாவது சத்தமில்லாமல் இரண்டாவதாக மாறிவிடும். பிரேசிலில் பிரச்சினை வேறு மாதிரி. அறுவடைக் காலத்தில் வடக்கிலிருந்து பஸ்ஸில் அழைத்து வரப்படும் தொழிலாளர்கள், பயணச் செலவே கடனாகி, திரும்பிப் போக முடியாமல் மாட்டிக்கொள்வது. அந்த நாட்டு அரசுக்கு ஒரு விஷயத்தில் சபாஷ் சொல்ல வேண்டும்: ஆட்களை அடிமைகள் போல நடத்திப் பிடிபட்ட முதலாளிகளின் பெயர்களை அரசே பகிரங்கமாக வெளியிடுகிறது. ‘லிஸ்தா சூஜா’, அழுக்குப் பட்டியல் என்று பெயர். அதில் காபிப் பண்ணைகளும் வருகின்றன, சான்றிதழ் வைத்திருந்த பண்ணைகளும் மாட்டியிருக்கின்றன. பிரேசில் காபி விற்கும் எந்த நிறுவனத்திடமும் ‘இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறீர்களா?’ என்று கேட்பது முழுக்க நியாயமான கேள்வி.

இப்போது தவளைக்கு வருவோம். அது ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் அமைப்பின் முத்திரை. 1987-ல் காட்டைக் காப்பாற்றத் தொடங்கிய அமைப்பு. 2018-ல் உட்ஸ் என்ற இன்னொரு சான்றிதழோடு இணைந்தது. அதனால் அதன் விதிப் புத்தகத்தில் காடழிப்பு, பூச்சிமருந்து, நீர், தொழிலாளர் குடியிருப்பு, குழந்தைத் தொழில் எல்லாம் இருக்கும். பெரிய எஸ்டேட்டுகளும் அதில் சேரலாம் என்பதால், கூலித் தொழிலாளர்களைப் பற்றி அதில் விரிவாகவே இருக்கிறது. இல்லாதது குறைந்தபட்ச விலை. சந்தை விலைக்கு மேல் ஒரு கூடுதல் தொகை கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது, எவ்வளவு என்பதைப் பேரத்துக்கு விட்டுவிடுகிறது. சந்தை பாதாளத்துக்குப் போனால் தவளையும் கூடவே போகும். அப்புறம் இன்னொன்று: அந்த அமைப்பின் பழைய விதியில், பொட்டலத்தில் 30 சதவீதம் சான்றிதழ் பெற்ற காபி இருந்தாலே முத்திரை போடலாம், சதவீதத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. எந்த முத்திரையானாலும் பக்கத்தில் சின்ன எழுத்தில் சதவீதம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் எனக்கு அதிலிருந்து வந்ததுதான்.

இயற்கை வேளாண் முத்திரை சொல்வது இன்னும் குறுகலானது: செயற்கை உரமும் பூச்சிமருந்தும் போடவில்லை, நிலம் அதற்கு மாறப் பொதுவாக மூன்று வருடம் காத்திருந்தார்கள். அவ்வளவுதான். கூலி பற்றி அதனிடம் கேட்காதீர்கள். மருந்தடிக்கிறவரின் நுரையீரலுக்கு அதனால் நன்மை என்பது உண்மை. இதன் மறுபக்கமும் உண்டு. எத்தியோப்பியாவில் ஏராளமான சிறு விவசாயிகள் உரம் வாங்க வசதியில்லாமலேயே இயற்கை முறையில்தான் விளைவிக்கிறார்கள். சான்றிதழ் வாங்கவும் வசதியில்லை. முத்திரை இல்லாத பொட்டலம் என்றாலே சந்தேகப்பட வேண்டியதில்லை என்பதற்கு அவர்களே சாட்சி.

மரங்களைப் பற்றி உண்மையாகவே கவலைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது பறவை முத்திரை. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பறவையியலாளர்கள் உருவாக்கியது, ‘பேர்ட் ஃபிரெண்ட்லி’ என்று இருக்கும். காபிச் செடி இயல்பில் காட்டு நிழலில் வளர்வது. வெயிலில் நெருக்கி நட்டு உரம் போட்டால் விளைச்சல் கூடும் என்பதால், 1970-களிலிருந்து லத்தீன் அமெரிக்காவில் நிழல் மரங்களை வெட்டித் தள்ளினார்கள். குளிர்காலத்துக்குத் தெற்கே வரும் பறவைகளுக்குத் தங்க இடம் போயிற்று. இந்த முத்திரை வேண்டுமென்றால் தோட்டத்துக்கு முதலில் இயற்கை வேளாண் சான்றிதழ் இருக்க வேண்டும், அதற்கு மேல் குறைந்தது 40 சதவீதம் நிழல் மூட்டம், பல அடுக்குகளாக வெவ்வேறு வகை மரங்கள். சான்றிதழ்களிலேயே மிகக் கறாரானது என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் கிடைப்பது அரிது. ‘நிழலில் விளைந்தது’ என்று சும்மா அச்சடித்திருப்பதற்கு எந்த வரையறையும் கிடையாது. தோட்ட ஓரத்தில் பத்து வாழை நின்றாலும் நிழல்தான்.

காட்டு விஷயத்தில் ரோபஸ்டாவை மறந்துவிடக் கூடாது. சுமத்ராவின் புகித் பாரிசான் செலாத்தான் தேசியப் பூங்காவுக்குள், காண்டாமிருகமும் புலியும் இருக்கும் காட்டை வெட்டிக் காபி போட்டார்கள். அந்தக் கொட்டை சட்டப்படி விளைந்த கொட்டையோடு கலந்து உலகமெங்கும் போனது. கலந்த பிறகு பிரிக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த காடழிப்புத் தடுப்புச் சட்டம் இதைத்தான் குறிவைக்கிறது: 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு அழிக்கப்பட்ட நிலத்தில் விளைந்த காபியை அங்கே விற்கக் கூடாது, ஒவ்வொரு நிலத்தின் புவி ஆயத்தொலைவையும், அதாவது வரைபடத்தில் அது எங்கே இருக்கிறது என்ற எண்களையும், காட்ட வேண்டும். அமலாக்கம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. நோக்கம் நல்லதுதான், என் பயம் வேறு. ஒரு பெரிய எஸ்டேட் ஒரே நாளில் வரைபடம் கொடுத்துவிடும். அரை ஏக்கர்க்காரர்கள் ஐயாயிரம் பேரின் நிலத்தை அளந்து பதிவு செய்ய வேண்டிய சங்கத்தைவிட அந்த எஸ்டேட்டே தேவலை என்று வியாபாரி முடிவெடுத்தால், காட்டைக் காப்பாற்றிச் சிறு விவசாயியை விட்டுவிட்ட கதையாகிவிடும்.

இனி உங்கள் இரண்டாவது பொட்டலம். ‘நேரடியாக வாங்கினோம்’ என்ற சொல்லுக்குச் சட்டம் கிடையாது, தணிக்கை கிடையாது, யார் வேண்டுமானாலும் போடலாம். தொழிலில் நான் பார்த்த ஒரு நிறுவனம் (பெயர் வேண்டாம்) ஒரு விவசாயியைக் கட்டிப்பிடித்தபடி எடுத்த ஒரே படத்தை நாலு வருடம் ஓட்டியது. முதல் வருடத்துக்குப் பிறகு அவரிடம் ஒரு மூட்டைகூட வாங்கவில்லை. அதே சமயம், இந்தத் தொழிலில் நான் பார்த்த மிக நல்ல வியாபாரமும் இந்தச் சொல்லின் கீழ்தான் நடந்தது: சந்தை எங்கே போனாலும் ஒரே சங்கத்திடம், ஒரே குறைந்தபட்ச விலையில், எட்டு வருடமாக. இரண்டும் ஒரே சொல்லைத்தான் பொட்டலத்தில் போட்டிருந்தன. அதனால்தான் கேட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

கேட்க வேண்டியது விலை. எவ்வளவு கொடுத்தீர்கள்? இதற்கு வரும் பதிலில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, கவனியுங்கள். பெரும்பாலான வறுவல்காரர்கள் சொல்வது எஃப்.ஓ.பி. விலை, அதாவது துறைமுகத்தில் கப்பலேற்றும்போது உள்ள விலை. அதில் ஆலைச் செலவு, லாரி, ஏற்றுமதியாளர் பங்கு எல்லாம் கழிந்துதான் விவசாயி கைக்கு வரும். பவுண்டுக்கு 3 டாலர் எஃப்.ஓ.பி. என்பது ஒரு நாட்டில் விவசாயிக்கு இரண்டேகாலாக இருக்கலாம், வரிசையாக நாலு தரகர் நிற்கும் இன்னொரு நாட்டில் ஒன்றரையாகவும் இருக்கலாம். விவசாயி கைக்கு வந்த விலை தெரியும் என்று ஒருவர் சொன்னால் அவர் சங்கிலியின் மறுமுனை வரை போய்ப் பார்த்திருக்கிறார். எஃப்.ஓ.பி. மட்டும்தான் தெரியும் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னாலும் பரவாயில்லை. சில சிறு நிறுவனங்கள் ஒவ்வொரு சரக்குக்கும் கொடுத்த விலை, வாங்கிய அளவு, எத்தனை வருடமாக வாங்குகிறோம் என்று ஆண்டறிக்கையாகவே போடுகிறார்கள். அந்த மூன்று எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். விலை மட்டும் பிரமாதமாக இருந்து அளவு இரண்டு மூட்டை என்றால் அது கண்காட்சிக்கு வாங்கியது.

மூட்டை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. சின்ன வறுவல் கடைகளில் பச்சைக்கொட்டை வந்த சணல் சாக்கை அழகுக்காகச் சுவரில் மாட்டியிருப்பார்கள். அதை ஒரு தடவை கிட்டப் போய்ப் படியுங்கள். எடையே ஊரைச் சொல்லும்: பிரேசில் என்றால் 60 கிலோ, கொலம்பியா என்றால் 70, குவாத்தமாலா, ஹோண்டுராஸ் என்றால் 69. கீழே மூன்று பகுதிகளாக எண் இருக்கும். முதல் எண் நாடு. 2 என்றால் பிரேசில், 3 கொலம்பியா, 10 எத்தியோப்பியா, 11 குவாத்தமாலா. இரண்டாவது ஏற்றுமதியாளர், மூன்றாவது அந்தச் சரக்கின் எண். சர்வதேசக் காபி அமைப்பு வகுத்த முறை இது. ஆக, துறைமுகம் வரை ஒவ்வொரு மூட்டைக்கும் ஜாதகம் இருக்கிறது. ‘காபி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம்’ என்று ஒரு வறுவல்காரர் இழுத்தால், சாக்கைக் காட்டச் சொல்லுங்கள். அந்த ஏற்றுமதியாளருக்குப் பின்னால் இருக்கும் தோட்டங்களைத் தேடுவதுதான் கஷ்டம், அதற்குத்தான் கூடுதல் காசு கேட்கிறார்கள்.

கேட்க இன்னொரு கேள்வியும் உண்டு, பலருக்குத் தோன்றாதது: காசு யார் பெயரில் போகிறது? காபி வேலையில் சில பகுதிகளில் 70 சதவீதம் வரை பெண்கள் செய்வதாகச் சர்வதேசக் காபி அமைப்பே 2018-ல் எழுதியிருக்கிறது. நடத்தும் பொறுப்பு பெண்களிடம் உள்ள பண்ணைகள் 20 முதல் 30 சதவீதம்தான். பட்டா கணவர் பெயரில், சங்க உறுப்பினர் அட்டையும் அவர் பெயரில், காசோலையும் அங்கேயே. பெண் உறுப்பினர்களுக்குத் தனிக் கணக்கு வைத்துக் கொடுக்கும் சங்கங்கள் இருக்கின்றன. அப்படி ஒன்றிடமிருந்து வாங்கியிருந்தால் வறுவல்காரர் மறக்காமல் சொல்லுவார்.

பெரிய நிறுவனங்கள் தாங்களே வகுத்துக்கொண்ட ‘பொறுப்பான கொள்முதல்’ திட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிலவற்றில் உண்மையான உழைப்பு இருக்கிறது. தேர்வு எழுதுகிறவரே கேள்வித்தாளையும் தயாரித்தது என்பதை மறக்காமல் படித்தால் போதும். உடனடிக் காபித் தூளில் பல நாட்டுக் கொட்டை கலந்துவிடுவதால் ஊர்ப்பெயர் எதிர்பார்க்க முடியாது. அங்கே மட்டும் மூன்றாம் தரப்பு முத்திரையைத்தான் நம்ப வேண்டும், அதிலும் ஃபேர்ட்ரேட் கிடைத்தால் நல்லது. புனுகுப்பூனை தின்று வெளியேற்றிய கொட்டை, கோப்பி லுவாக், அதை மட்டும் எந்த முத்திரையோடு வந்தாலும் தொடாதீர்கள். காட்டில் தானாகத் திரியும் பூனை என்று எழுதியிருக்கும். கம்பிக் கூண்டில் அடைத்துக் காபிப் பழத்தையே தீனியாகப் போடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. இரண்டையும் கொட்டையைப் பார்த்துப் பிரிக்க வழியில்லை.

உங்கள் இரண்டு பொட்டலங்களில் நானாக இருந்தால் இரண்டாவதை எடுப்பேன். மலையின் பெயரோடு நிற்காமல் சங்கத்தின் பெயரையும் போட்டிருக்கிறார்கள்; பொய் சொன்னால் மாட்டிக்கொள்ளும் அளவுக்குத் தகவல் தந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் பொட்டலத்தின் பின்னால் இருக்கும் முகவரிக்கு நாலு வரி எழுதிப் போடுங்கள்: இந்தச் சரக்குக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், அது எந்த இடத்தில் உள்ள விலை, இந்தச் சங்கத்திடம் எத்தனை வருடமாக வாங்குகிறீர்கள், பறிப்பவர்களுக்குக் கூலி எப்படி என்று தெரியுமா. நாலுக்கும் பதில் வர வேண்டியதில்லை. ‘கூலி விவரம் எங்களுக்குத் தெரியாது, அடுத்த முறை கேட்கிறோம்’ என்று ஒரு பதில் வந்தாலே அவர்களிடம் தொடர்ந்து வாங்குவேன். ‘எங்கள் விவசாயிகள் எங்கள் குடும்பம்’ என்று மட்டும் வந்தால், அடுத்த பொட்டலத்துக்குத் தவளை.